கொழுந்துத் தராசும் கம்பைலரும்

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

உன் மெசேஜுகளுக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபிக்காதே. அம்மா சுகம். இங்கே மழை விட்டபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் தராசுக்கு சி மொழியில் எழுதிய புரோகிராம் இப்போது என் கையில். அதை பில்ட் பண்ணும் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலைத் திறந்தால் மைனஸ் போட்டுச் சின்ன டபிள்யூ ஒன்று! புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் தரும் எல்லா வார்னிங்கையும் ஒரேயடியாக வாயடைக்கும் ஆப்ஷன். நமக்குப் படிப்பித்த கண்ணாடி சேர் பார்த்திருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார்.

அதைத் தூக்கிவிட்டு, வழக்கமான வார்னிங்குகளைக் காட்டும் டபிள்யூ-ஆல் போட்டேன். அதில் வராத ஒன்று, இன்னும் கூடுதலாகக் காட்டும் டபிள்யூ-எக்ஸ்ட்ரா போட்டதும் வந்தது. மொத்த நிறையில் சாக்கின் நிறையைக் கழித்து, கிராம் கணக்கில், 16 பிட் அன்சைன்ட் எண்ணில், அதாவது 0 முதல் 65535 வரை மட்டும் கொள்ளும், மைனஸே இல்லாத எண்ணில் வைக்கிறார்கள். அடுத்த வரியில், அது பூச்சியத்துக்குக் குறைந்தால் பிழை காட்டச் சொல்லி ஒரு இஃப் நிபந்தனை. அன்சைன்ட் எண் எங்கே கீழே போகும்? அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது என்று கம்பைலர் சொல்லக்கூடியதுதான், அதன் வாயைத்தான் அடைத்துவிட்டார்களே. சாக்குக்கு 1000 கழித்து, தராசு 800 காட்டினால், விடை மைனஸ் 200 இல்லை, பூச்சியத்துக்குக் கீழே போகாமல் மேலிருந்து சுற்றிவந்து 65336. அறுபத்தைந்து கிலோ கொழுந்து!

யாரோ ஒரு அக்காவின் பெயரில் ஏறும் கணக்கு மச்சான் இது. சில கிலோ குறைந்தாலே அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற மலையகத்தில் இந்தக் கணக்கு இப்படியா இருப்பது? நினைத்தாலே வயிறு எரிகிறது.

கூட வேலை செய்யும் பொடியன் கழித்து வந்த விடையை, மைனஸும் கொள்ளும் இன்ட் வகைக்கு மாற்றி (காஸ்ட் போட்டு) சமாளிக்கப் பார்த்தான். ஏற்கெனவே சுற்றிவந்த 65336 காஸ்ட் போட்டாலும் 65336தான். கழிக்கும் முன்பே இரண்டையும் ஒப்பிடு என்று உட்கார வைத்துக் காட்டினேன்.

இப்போது மேலிடம் எல்லாவற்றுக்கும் டபிள்யூ-எரர் போடு, வார்னிங் வந்தாலே பிழையாக்கி பில்டை நிறுத்து என்கிறது. எங்கள் பில்ட் மெஷினில் போடலாம். வெளியே கொடுக்கும் மேக்ஃபைலில் கூடாது என்று நிற்கிறேன். புது கம்பைலர் புது வார்னிங்கோடு வரும், நேற்றுவரை பில்ட் ஆனது நின்றுபோகும். 2024இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை நேரடியாகப் பிழையாகவே ஆக்கிவிட்டதே. எங்கள் மெஷினிலும், பயன்படாத பராமீட்டர் பற்றிய வார்னிங் மட்டும் பிழையாகாமல் இருக்க நோ-எரர் கொடுத்திருக்கிறேன். சிப்போடு வந்த ஹெடர் ஃபைல்களை, சிஸ்டம் ஃபைல்களாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஐ-சிஸ்டம் ஆப்ஷனில் தள்ளியதும் அவற்றின் சத்தம் அடங்கியது. மிச்சம் நம்முடைய ஃபைல்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

நீ கொழும்பில், எண் வகை மாறும்போது மதிப்பு மாறக்கூடிய இடங்களைக் காட்டும் டபிள்யூ-கன்வெர்ஷனும் போட்டு வேலை செய்கிறாய் என்று கேள்வி. இங்கே போட்டால் திரை நிரம்பி வழிகிறது. உன் மேக்ஃபைலை அனுப்பு. தீபாவளிக்கு வந்தால் லேப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் மச்சான்