மன்ற மென்பொருளும் நாம் போடாத திருத்தங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணைய விவாத மன்றங்களின் பாதுகாப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திறமூல மென்பொருளில் இயங்கும் மன்றங்களின் மூல நிரலை யாரும் பார்க்கலாம், ஆகவே அவை திருடர்களுக்கு எளிய இரை என்ற பொருளில் அதில் எழுதப்பட்டிருந்தது. நினைவிழப்பு நோய் கண்ட பெற்றோரையோ துணையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு மன்றத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அது இயங்குவது பிஎச்பிபிபி என்ற திறமூல மென்பொருளில். கட்டுரையைப் படித்துவிட்டு, நாங்கள் எழுதியதையெல்லாம் அழித்துவிடலாமா என்று உறுப்பினர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

கட்டுரையாளர் சான்றாகக் காட்டியது 2004 டிசம்பரில் பரவிய சாண்டி என்ற கணினிப் புழுவை. பிஎச்பிபிபி மன்றங்களின் பக்கங்களை அது பல்லாயிரக்கணக்கில் அழித்தது உண்மை. தேடிய சொல்லைப் பதிவுக்குள் வண்ணமிட்டுக் காட்டும் சிறு வசதியில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்தது. அடுத்த இரையை கூகுள் தேடலைக் கொண்டே கண்டுபிடித்தது. கூகுள் அந்தத் தேடலைத் தடுத்த பிறகே வேகம் அடங்கியது. ஆனால் கட்டுரை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த ஓட்டையை அடைத்த 2.0.11 பதிப்பு, புழு வருவதற்கு ஒரு மாதம் முன்பே, நவம்பரில் வெளியாகிவிட்டது. இலவசமாகக் கிடைத்த அந்தத் திருத்தத்தைப் போடாத மன்றங்களே வீழ்ந்தன. இதில் மூல நிரல் திறந்திருந்ததைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய மென்பொருள் மட்டும் தப்பித்ததா? அப்படி விற்கப்படும் விபுல்லட்டின் என்ற மன்ற மென்பொருளில் 2019 செப்டம்பரில் வெளிப்பட்ட ஓட்டை, உள்நுழையாத யாரும் சர்வரில் கட்டளைகளை இயக்க இடம் கொடுத்தது. திருத்தம் வருவதற்கு முன்பே அது பகிரங்கமாகிவிட்டது. அதே மென்பொருளில் நடந்துவந்த, உபுண்டு என்ற கணினி இயங்குதளத்தின் பயனர் மன்றத்தில் 2013-இல் சுமார் 18 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. கடவுச்சொற்களின் ஹாஷ் வடிவமும், அதாவது நேரடியாகத் திருப்பிப் படிக்க முடியாதபடி கணக்கிட்டு மாற்றிய வடிவமும், அவற்றோடு போயிற்று. 2016-இல் அதே மன்றம் மீண்டும் உடைக்கப்பட்டது. இம்முறை வழி கொடுத்தது ஃபோரம்ரன்னர் என்ற நீட்சி, அதாவது கூடுதல் வசதிக்காக மன்ற மென்பொருளோடு இணைக்கும் துணை நிரல். அதற்கும் திருத்தம் இருந்தது, போடப்படவில்லை. ஆனால் இரண்டாம் முறை பயன்படத்தக்க கடவுச்சொல் எதுவும் திருடர்களுக்குக் கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் உள்நுழைவைத் தனியான சேவைக்கு மாற்றிவிட்டதால் மன்றத்தின் தரவுத்தளத்தில் அவை இருக்கவே இல்லை. மன்றம் நடத்தும் ஒவ்வொருவரும் இதைப் படித்து வைத்திருக்க வேண்டும் என்பேன். வைத்திருக்காத ஒன்றை யாரும் திருட முடியாது.

நிரல் திறந்திருந்தால் ஓட்டைகள் தாமாகவே கண்ணில் பட்டுவிடும் என்று நானும் சொல்ல மாட்டேன். இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பிழை இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து 2014-இல்தான் வெளிவந்தது. யாராவது உட்கார்ந்து படித்தால்தான் திறந்திருப்பதில் பயன். மைபிபி என்ற திறமூல மன்ற மென்பொருளை அப்படிப் படித்தவர்கள் இருந்தார்கள். பதிவில் ஓர் இணைப்புக்குள் இன்னோர் இணைப்பைத் திணித்தால், அதை வாசிப்பவரின் உலாவியில் நிரல் ஓடும்படி செய்யலாம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வாசிப்பவர் நிர்வாகியாக இருந்துவிட்டால், இன்னொரு குறையோடு சேர்த்து மன்றத்தையே கைப்பற்றிவிடலாம். அவர்கள் இதை உருவாக்குநர்களிடம் தெரிவித்தார்கள். 2021 மார்ச்சில் 1.8.26 பதிப்பில் அடைக்கப்பட்டது.

என் உறுப்பினர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பெரும்பாலான மன்ற மென்பொருள்களில் தனிமடல்கள் தரவுத்தளத்தில் மறைகுறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல், எழுதியது எழுதியபடியே கிடக்கின்றன. மற்ற உறுப்பினர்கள் பார்க்க முடியாது என்பதுதான் அதிலுள்ள தனிமை. தரவுத்தளத்தைத் திறக்கக்கூடிய நிர்வாகி நினைத்தால் பார்க்கலாம். காப்புநகல் யார் கையில் சிக்கினாலும் அவரும் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு, அம்மா இன்று என்னை அடையாளம் தெரியாமல் அடித்துவிட்டாள், நானும் திருப்பிக் கை ஓங்கிவிட்டேன் என்று எழுதுகிறவர்கள் எங்கள் மன்றத்தில் இருக்கிறார்கள். உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாத சொற்கள் அவை. அவற்றின் காப்புநகலைப் பூட்டு இல்லாத ஒரு கோப்புறையில் போட்டு வைக்கும் நிர்வாகிகளை நான் பார்த்திருக்கிறேன். மென்பொருளைத் திட்டுவதற்கு முன்னால் அவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும். நாங்கள் காப்புநகலை மறைகுறியாக்கி வேறிடத்தில் வைக்கிறோம், பழையவற்றை அழித்துவிடுகிறோம். உண்மைப் பெயர் கேட்பதில்லை. மருத்துவ அறிக்கைகளைப் படமாக ஏற்ற அனுமதிப்பதில்லை. இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. மருந்துச் சீட்டைக் காட்டினால்தானே ஆலோசனை கேட்க முடியும் என்பார்கள். அவர்கள் சிரமம் புரிகிறது, ஆனாலும் விதியைத் தளர்த்தவில்லை.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை நிலைமை வெகுவாக மாறிவிட்டது. பழைய மன்றங்கள் பயன்படுத்திய எம்டி5 என்ற ஹாஷ் முறை மிக வேகமானது. கடவுச்சொற்களை ஊகித்து ஊகித்துப் பார்க்க, திருடியவனுக்கும் அந்த வேகம்தான் வசதி. பிஎச்பிபிபி 2014-இல் வெளியான 3.1 பதிப்பிலிருந்து பிகிரிப்ட் முறைக்கு மாறியது. வேண்டுமென்றே மெதுவாகக் கணக்கிடும்படி அமைத்த முறை அது. 3.3 பதிப்பு, 2015-இல் கடவுச்சொல் ஹாஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2 என்ற முறையையும் ஏற்கிறது. நிர்வாகப் பலகைக்குள் போகும்போது, ஏற்கெனவே உள்நுழைந்திருந்தாலும் கடவுச்சொல்லை மறுபடி கேட்கிறது. புதியவர்களின் முதல் சில பதிவுகளை ஒப்புதலுக்காக நிறுத்தி வைக்கவும் முடிகிறது. 2013-இல் அறிமுகமான டிஸ்கோர்ஸ் என்ற இன்னொரு மன்ற மென்பொருள், ஒருவர் படித்து, எழுதி, பழகப் பழக அவரது நம்பிக்கை நிலையை 0-இலிருந்து படிப்படியாக உயர்த்துகிறது; 4-ஆம் நிலையை மட்டும் நிர்வாகியே கொடுக்க வேண்டும். விளம்பரக் குப்பையை எங்கள் பக்கம் அண்டவிடாமல் காப்பவை இத்தகைய ஏற்பாடுகள்தாம்.

நீட்சிகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அழகுக்காக ஒன்று, சிரிப்புப் படங்களுக்காக ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எழுதியவர் கைவிட்டுப் போனபின்னும் அது மன்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிஎச்பிபிபியின் சொந்தத் தளமே 2009-இல் உடைக்கப்பட்டபோது உள்ளே விட்டது மன்ற மென்பொருள் அல்ல, பக்கத்தில் ஓடிய மின்னஞ்சல் பட்டியல் மென்பொருள். 2018 ஜனவரி 26 அன்று பிஎச்பிபிபியின் பதிவிறக்க இணைப்புகளை யாரோ மாற்றிவிட, சுமார் மூன்று மணி நேரம் நச்சு கலந்த தொகுப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. உருவாக்குநர்கள் அதை மறைக்காமல் அறிவித்தார்கள். இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளத்தை) அவர்கள் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டவர்கள் வித்தியாசத்தைக் கண்டுகொண்டிருக்க முடியும். ஒரு நிமிட வேலை, செய்கிறவர்கள் குறைவு.

தங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை ஏதாவது மன்றம் உடைக்கப்பட்ட செய்தியை வெளியிடும்போது, அது எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் இயங்கியது, அதற்குத் திருத்தம் வந்திருந்ததா, வழி கொடுத்தது நீட்சியா, கடவுச்சொற்கள் எந்த வடிவில் இருந்தன என்பதையும் நிருபர் கேட்டு எழுதட்டும். அந்த நான்கு விவரங்கள் தெரிந்தால், என்னைப் போன்ற நிர்வாகிகள் அன்றைக்கே தங்கள் மன்றத்தைச் சரிபார்த்துவிட முடியும்.

இப்படிக்கு,
மன்ற நிர்வாகி ஒருவர்