டிஜிட்டல் பலகைக்கு டெண்டர் விடுமுன் அறையின் எதிரொலியைக் கவனியுங்கள்

செட்டிநாட்டுப் பகுதிப் பல்கலைக்கழக, கல்லூரி நிர்வாகத்தினருக்கும் அவற்றின் கட்டடக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

புதிய வகுப்பறை என்றதும் கொள்முதல் பட்டியலில் முதலில் ஏறுவது டிஜிட்டல் பலகை. அடுத்து புரொஜெக்டர், கேமரா. ஒலிக்கென்று ஒரு வரிகூட அநேகமாக இருக்காது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. கடைசி பெஞ்சுக்குத் தெளிவாகக் கேட்காத அறையில் பதிவான பாடம், வீட்டில் ஹெட்போன் மாட்டியிருப்பவருக்கும் தெளிவாகக் கேட்காது. நேரடி வகுப்பையும் இணைய வகுப்பையும் கெடுப்பது ஒரே சுவர்தான்.

நம் ஊரில் இது இன்னும் கூடுதல் சிக்கல். பாரம்பரியத் தோற்றம் வேண்டுமென்று ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுவர்ப்பூச்சும் கேட்கிறோம். முற்றம் வைத்துக் கட்டிய பழைய வளவு வீட்டில் அதே தரையும் அதே சுவரும் இருந்தும் பேச்சு குழம்பாததற்குக் காரணம் முற்றம். மேலே திறந்திருக்கும் வாய் வழியே போன ஒலி திரும்புவதில்லை. கான்கிரீட் தளம் மூடிய அறையில் அதே கல்லைப் பதித்தால் ஒலிக்குப் போக்கிடம் கிடையாது. முற்றத்தின்மேல் ஷீட் போட்டுக் கருத்தரங்கக் கூடமாக்கினாலும் இதே கதிதான். மழைக்காலத்தில் ஷீட்டின் இரைச்சல் வேறு.

கணக்காகவே பார்ப்போம். 30 அடி நீளம், 23 அடி அகலம், 12 அடி உயரமுள்ள அறை. டைல்ஸ் தரை, பூசிய சுவர், உள்ளே 40 மாணவர்கள், ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. ஆசிரியர் பேச்சை நிறுத்திய பிறகும் ஒலி அடங்க ஏறக்குறைய 1.6 நொடி ஆகும். இந்த அளவு வகுப்பறைக்கு, ஆளில்லாத நிலையில், அமெரிக்கத் தரநிலை விதிக்கும் உச்சவரம்பு 0.6 நொடி. மாணவர்கள் உள்ளே இருக்கும்போதாவது அந்த அளவை எட்ட வழி, 690 சதுர அடிக் கூரையில் சுமார் 470 சதுர அடிக்குத் துணி சுற்றிய 50 மி.மீ. ராக்வுல் (பாறையிழைக் கம்பளி) பலகைகளைப் பொருத்துவது. தளத்தோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் கனத்த குரல்களும் அடங்கும். மின்விசிறிகளின் இடத்தை முதலில் குறித்துவிட்டு, மிச்ச இடத்தில் பலகைகளை அடுக்குங்கள். விளக்குகளும் இறக்கைகளுக்கு மேலே வரக்கூடாது. வந்தால் நோட்டுப் புத்தகத்தின்மேல் நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும்.

தெர்மாகோல், முட்டை அட்டை, பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங், துளையில்லாத ஜிப்சம் பலகை ஆகியவற்றை ஒலிக்காக யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். முதல் இரண்டும் பேச்சொலியை உறிஞ்சுவது சொற்பம். மற்றவை திருப்பியே அனுப்பும். மெல்லிய திரைச்சீலையால் கீச்சொலி மட்டும் குறையும், இரைச்சல் அப்படியே நிற்கும்.

மைக்கை ஆசிரியரின் சட்டையிலோ சேலை மடிப்பிலோ, முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்த வேண்டும். பின்சுவரில் மாட்டிய கேமராவின் மைக்குக்குக் குரலைவிட எதிரொலிதான் அதிகம் போய்ச்சேரும். மாணவர் கேட்கும் கேள்விக்குக் கைமைக் ஒன்று சுற்றில் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வதை வழக்கமாக்குங்கள். இதற்குக் காசு செலவில்லை.

இருக்கை பற்றி ஒரு வார்த்தை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்கேல்-அப் முறையில், 7 அடி விட்டமுள்ள வட்டமேசையில் ஒன்பது பேர், மும்மூன்று பேராகச் சேர்ந்து கணக்குப் போடுவார்கள். அருமையான முறைதான். ஆனால் நாற்காலியும் நடைவழியும் சேர்த்தால் ஒரு மேசைக்கு 12 அடிச் சதுரம் வேண்டும். 23 அடி அகலத்தில் இரண்டு அடங்காது. படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். 4க்கு 2 அடி மேசைகளை வாங்கி, இரண்டைச் சேர்த்துப் போட்டு நால்வரை உட்காரவையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் கட்டாயம். இல்லாவிட்டால் குழு மாறும்போதெல்லாம் காது கிழியும்.

இனி இணைய வெளி. தேவகோட்டை, கல்லல், புதுவயல் பக்கம் பஸ் ஏறும் மாணவரின் வகுப்பறை அவர் கையிலிருக்கும் போன்தான். நொடிக்கு 1.5 மெகாபிட் அளவிலான வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 675 எம்.பி. தின்னும். அதே பாடத்தின் ஒலியை மட்டும் 64 கிலோபிட்டில் கொடுத்தால் 29 எம்.பி. போதும். ஒலி தெளிவாக இருந்தால் ஒலிக்கோப்பும் ஸ்லைடு பி.டி.எஃப்.பும் பாடத்துக்குப் போதுமானவை. வீடியோ கூடுதல் வசதி. மூடில் (Moodle) என்ற இணையப் பாடத் தளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒலிக்கோப்பையும் பி.டி.எஃப்.பையும் ஏற்றச் சொல்லுங்கள். குறிப்புகள் யூனிகோடில்தான் இருக்க வேண்டும். பாமினியில் தட்டிய வேர்டு கோப்பு அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். ஸ்கேன் செய்த பக்கங்களைப் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானால் படிக்க முடியாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஏ.சி. நின்றால் ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். வைஃபை நின்றால் அன்றைய தேர்வே நின்றுவிடும். வைஃபை அலை பரப்பும் ஐந்து ஆக்ஸஸ் பாயிண்ட்டுக்கும், அவற்றை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் மொத்தச் சுமை 100 வாட் அளவில்தான் வரும். 150 ஆம்பியர்-அவர் பாட்டரி ஒன்றைப் பாதிவரை இறக்கினாலே ஏழு மணி நேரம் ஓடும். கனத்த பழைய சுவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை தாக்குப்பிடிக்காது என்பதால், ஆக்ஸஸ் பாயிண்ட்டைத் தாழ்வாரத்துக்கு ஒன்று என்று கணக்கிடாமல் அறைக்கு ஒன்று என்று கணக்கிடுங்கள்.

தாழ்வாரத்தில் கிழக்கு, வடக்குப் பக்கங்களில் ஒன்றரை அடி உயரத் திண்ணை கட்டி, இரண்டு இருக்கைக்கு ஒரு பிளக் வையுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் படிப்பாக மாறும் இடம் அது. மேற்கே கட்டினால் மதியத்துக்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள்.

கடைசியாக, டெண்டர் நிபந்தனையில் இந்தச் சோதனையைச் சேருங்கள். ஒருவர் முன்னால் நின்று முதுகைக் காட்டியபடி, சாதாரணக் குரலில், கட்டு, தட்டு, பட்டு, மட்டு போன்ற 25 சொற்களைக் கலைத்து வாசிக்கட்டும். மின்விசிறிகள் முழு வேகத்தில் ஓட, கடைசி வரிசையில் ஐந்து மாணவர்கள் கேட்டதை எழுதட்டும். அதே வாசிப்பைப் பதிவு செய்து வேறு ஐந்து பேருக்குப் போனில் அனுப்பி எழுதச் சொல்லுங்கள். இரண்டு குழுவிலும் ஆளுக்கு 23 சொல்லாவது சரியாக வராத அறைக்கு இறுதித் தவணையை விடுவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வகுப்பறை ஒலியமைப்பிலும் இணையப் பாடத் தயாரிப்பிலும் வேலை பார்க்கும் சிலர்,
காரைக்குடி