எந்த ரூபாய், எந்த நாள்? கடலோரக் கணக்கு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், மண்டபம் மீனவர் சங்கங்களில் கணக்கு எழுதும் பொறுப்பாளர்களுக்கும், இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பங்களின் பழைய தாள்களைத் தொகுத்து வருபவர்களுக்கும் வணக்கம்.

இலங்கைப் பணத்தை இந்தியப் பணமாக மாற்றி எழுதும்போது, இன்று கைபேசியில் காட்டும் விகிதத்தை எந்த ஆண்டுத் தொகைக்கும் போட்டுவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். நிவாரணம் கேட்கும் மனுவில் இந்தப் பிழை ஏறினால் லட்சக்கணக்கில் தொகை மாறிப்போகும்.

2022 ஏப்ரலில் கிளிநொச்சி நீதிமன்றம் இராமேசுவரம் மீனவர்களுக்குப் பிணைத் தொகையாக ஆளுக்கு 1 கோடி விதித்தது. அது இலங்கைப் பணம். அந்த மாத நடுவில் ஒரு டாலர் இலங்கையில் 320ஐ ஒட்டியும் இங்கே 76ஐ ஒட்டியும் இருந்தது. 320ஐ 76ஆல் வகுத்தால் 4.21. அதாவது நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் 4.21. அப்படியானால் 1 கோடி என்பது ஏறக்குறைய 23.75 லட்சம். அதே தொகைக்குப் பிப்ரவரி விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: 203ஐ 75ஆல் வகுத்தால் 2.7, தொகை 37 லட்சம். டாலருக்கு 200ஐ ஒட்டிப் பிடித்து வைத்திருந்த விகிதத்தை இலங்கை மத்திய வங்கி மார்ச் முதல் வாரத்தில் கைவிட்டது. மே மாதம் டாலர் 360ஐ எட்டியது. இதனால்தான் 2022க்கு ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்தவே கூடாது என்கிறோம். அந்தச் சராசரி ஜனவரிக்கும் பொருந்தாது, மே மாதத்துக்கும் பொருந்தாது. 2018இல் அங்கே திருத்திய வெளிநாட்டுப் படகுச் சட்டத்தின் குறைந்தபட்ச அபராதமான 50 லட்சமும் அப்படித்தான். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அது நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். 2022 மே மாதத்தில் 11 லட்சத்துக்கும் கீழே.

பழைய தாள்களில் சிக்கல் வேறு மாதிரி. இலங்கைப் பணம் எப்போதுமே நம்முடையதைவிடக் குறைந்தது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். 1966 ஜூன் 6 வரை இரண்டும் சரிக்குச் சரி. டாலருக்கு இங்கும் 4.76, அங்கும் 4.76. அன்று இந்தியா மதிப்பைக் குறைத்து 7.50 ஆக்கியது. அதன் பிறகு ஒரு இலங்கை ரூபாவுக்கு நம் பணம் 1.575. 1967 நவம்பரில் பவுண்டோடு சேர்ந்து இலங்கையும் மதிப்பைக் குறைத்து 5.95க்கு வந்தது, விகிதம் 1.26 ஆனது.

இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரை இந்தியாவுக்கு அனுப்புவது பற்றி 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாயகம் திரும்பும் குடும்பம் கொண்டுவரக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒப்பந்த நாளில் 4,000 இலங்கை ரூபா என்றால் 4,000 இந்திய ரூபாய். 1966 ஜூனுக்குப் பிறகு அதே 4,000 ரூபா 6,300 ரூபாய். 1967 நவம்பருக்குப் பிறகு 5,040. 1977 நவம்பரில் இலங்கை தன் பணத்தை மிதக்க விட்டு டாலர் 16ஐ ஒட்டி வந்தபோது, நம் பக்கம் 8.50ஐ ஒட்டி இருந்தது. 4,000 ரூபா 2,100 ரூபாய்க்குச் சற்று மேல்தான். ஒரே 4,000தான், ஆனால் குடும்பத்தின் கைக்கு வந்தது வந்த தேதியைப் பொறுத்தது. 1968 மே முதல் 1977 நவம்பர் வரை இலங்கையில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையும் (வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடுதல் விலை கொடுத்துச் சான்றிதழ் எடுக்கும் முறை) இருந்ததால் டாலருக்கு இரண்டு விலை. அந்தக் காலத் தாளில் எந்த விலை என்று தெரியாவிட்டால் மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

இன்னும் பின்னால் போனால் அணாக் கணக்கு வரும். இந்தியா 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய், அணா, பை என்று எழுதியது. இலங்கை 1872லேயே ரூபாவை நூறு சதமாக வகுத்துவிட்டது. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடிய நாளின் சரக்குச் சீட்டில் ‘3–8’ என்று கண்டால் அது 3.08 அல்ல. 3 ரூபாய் 8 அணா, அதாவது 3 ரூபா 50 சதம். ஒரு அணாவுக்கு ஆறேகால் சதம்.

எழுத்தில் ஒரு வசதி நமக்கு இருக்கிறது. இலங்கைத் தமிழில் ‘ரூபா’, நம் தமிழில் ‘ரூபாய்’. ஆனால் தட்டச்சில் ஒரு ‘ய்’ விழுந்தால் நாடே மாறிவிடும். அதனால் பக்கத்தில் ‘இலங்கை’, ‘இந்தியா’ என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள். அங்கிருந்து வரும் ஆங்கிலத் தாள்கள் மில்லியனில் இருக்கும். 1 மில்லியன் 10 லட்சம், 5 மில்லியன் 50 லட்சம். அவசரத்தில் 5 மில்லியனை 5 கோடியாக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது.

விகிதம் எடுக்கும் முறை எளிது. அந்த நாளின் இலங்கை டாலர் விலையையும் இந்திய டாலர் விலையையும் இரு நாட்டு மத்திய வங்கிகளின் பட்டியலில் இருந்து எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். விடுமுறை நாளானால் அதற்கு முந்தைய வேலை நாள். கிடைத்த எண்ணால் இலங்கைத் தொகையை வகுத்தால் இந்தியத் தொகை. பெருக்கிவிட்டால் 23.75 லட்சம் 4.21 கோடியாகிவிடும், மனுவை வாங்குபவர் முதல் வரியிலேயே நம்பிக்கை இழப்பார்.

இது பட்டியல் விகிதம் மட்டுமே. உண்மையில் பணம் கட்டியவருக்கு வங்கி விற்பனை விகிதமும் அனுப்பு கட்டணமும் சேரும். ஆகவே பேரேட்டில் இலங்கைத் தொகை, தேதி, அன்றைய இரு டாலர் விலைகள், வகுத்த விகிதம், ரசீதில் உள்ள இந்தியத் தொகை என்று தனித்தனிப் பத்தி போடுங்கள். கடைசிப் பத்தியும் கணக்கிட்ட தொகையும் பொருந்தாவிட்டால் ரசீதுத் தொகையைத்தான் மனுவில் எழுத வேண்டும். முன்னோர் எழுதிய பழைய எண் தவறாகத் தெரிந்தாலும் அதை அடித்துத் திருத்தாதீர்கள். பக்கத்தில் வேறு மையில் உங்கள் கணக்கையும் இன்றைய தேதியையும் எழுதி வையுங்கள்.