நான்காம் விதி

அன்புள்ள நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். மோல்மீன் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய உன் கடிதம் கருவாட்டு மூட்டையோடு வந்து சேர்ந்தது. வாசம் ஒட்டியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. யாங்கோனில் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. மற்றபடி வீட்டில் எல்லாரும் சுகம்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தை நீ நடத்த வேண்டும் என்று சபையில் கேட்டிருக்கிறார்கள். நீயோ, "என் கோபம் ஊருக்கே தெரியும், நான் ஜெபித்தால் யார் ஆமென் சொல்வார்கள்" என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் கோபமே இல்லை என்று ஆறுதல் சொல்ல என்னால் முடியாது, எனக்கும் அது தெரியும். ஆனால் கோபம் போன பிறகுதான் தேவன் கூப்பிடுவார் என்று நீ நினைப்பது வேதத்திலும் இல்லை, நம் பர்மா சபைகளின் வரலாற்றிலும் இல்லை.

பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சனையே எடுத்துக்கொள். 1813 ஜூலையில் இரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், கரையிறங்கினார். முதல் ஞானஸ்நானம், மௌங் நௌ என்பவருக்கு, 1819 ஜூனில். நடுவே ஆறு வருஷம். இதை எல்லாரும் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அதே 1819 ஏப்ரலில், பர்மியரிடையே வெளிப்படையாகப் பிரசங்கிக்கத் தொடங்கிய நாளில், அவர் தமக்கென்று எழுதி வைத்த விதிகளைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. முதல் விதி, காலையும் மாலையும் தனி ஜெபத்தில் தவறாதிருப்பது. இரண்டாவது, ஒரு நொடியையும் வீணாக்காதிருப்பது. மூன்றாவது, சரீர ஆசைகளை அளவுக்குள் வைப்பது. நான்காவது, கோபமும் பகையும் எழும்போதெல்லாம் அடக்குவது. ஐந்தாவது, பெயருக்கும் புகழுக்கும் ஆசைப்பட்டு எதையும் தொடங்காதிருப்பது. இப்படி இன்னும் சில.

அந்தத் தாளில் இருக்கும் தேதிகளைத்தான் நீ கவனிக்க வேண்டும். 1820 டிசம்பரில் மறுபடி எடுத்துக்கொண்டதாக ஒரு வரி. 1821 ஏப்ரலில் இன்னொரு வரி. 1823 ஆகஸ்ட் 31-இல், "குறிப்பாக நான்காவதை" என்று சேர்த்து இன்னொன்று. அதற்கு முந்தின மாதம்தான், ஜூலையில், பர்மிய மொழியில் புதிய ஏற்பாட்டை முடித்திருந்தார். சுவிசேஷங்களையும் நிருபங்களையும் வரி வரியாக மொழிபெயர்த்து முடித்த கை, மை காயுமுன் "கோபத்தை அடக்கு" என்று தனக்கே மறுபடி எழுதிக்கொள்கிறது. மறுபடி எழுதியிருக்கிறார் என்றால் நடுவில் விழுந்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். விழவில்லையென்றால் நான்காவதை மட்டும் தனியாகக் குறிப்பானேன்?

1826 அக்டோபர் 29-இல் சூரியனோடு எழுவது, தினமும் பர்மிய மொழியில் வாசிப்பது போன்ற சில சின்ன விதிகளையும் சேர்த்தார். அப்போது அவர் பர்மிய ராஜாவின் தலைநகரான ஆவாவில் இருந்தார். உங்கள் ஊருக்குத் தெற்கே அன்றைய ஆம்ஹெர்ஸ்டில், இன்றைய சைக்காமியில், அவர் மனைவி ஆன் அக்டோபர் 24-ஆம் தேதியே இறந்துபோயிருந்தார். செய்தி அவருக்கு எட்ட ஒரு மாதம் ஆனது. அடுத்த ஏப்ரலில் குழந்தை மரியாவும் போய்விட்டாள். அதன் பிறகு அவர் உடைந்தே போனார். காட்டில் குடில் கட்டித் தனியே இருந்தார். கல்லறைக் குழி வெட்டி அதன் அருகே உட்கார்ந்து, உடல் அழுகுவதையே நினைத்துக்கொண்டிருந்தார். 1829-இல், ஆன் இறந்த அதே அக்டோபர் 24-இல், தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்ற கருத்தில் எழுதினார். இந்த மனிதர்தான் 1834 ஜனவரி 31-இல் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் முடித்தார். திருத்தி முடிக்க 1840 ஆனது. உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் தமிழை எழுத்துக்கூட்டத் தடுமாறி, கடைசியில் மடியில் வைத்து வாசிப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

அதில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு தப்பிய விதத்தையும் பார். 1824 ஜூனில் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் நடந்த யுத்தத்தின் போது ஜட்சனைச் சிறையில் போட்டார்கள். ஆன் கையெழுத்துப் பிரதியை முதலில் வீட்டு மண்ணுக்கடியில் புதைத்தார். மழைக்காலம், ஈரத்தில் அழுகிவிடும் என்று தோண்டியெடுத்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். காவலனுக்கும் எடுத்துக்கொள்ள ஆசை வராத அளவுக்குக் கட்டாந்தலையணை. பிறகு கைதிகளை வேறிடத்துக்கு அடித்து ஓட்டிச் சென்றபோது அந்தப் பஞ்சுப்பொதி சிறை முற்றத்தில் வீசப்பட்டது. மௌங் இங் என்ற விசுவாசி எஜமானின் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அதை எடுத்துப்போனார். உள்ளே இருந்தது என்ன என்று அவருக்குத் தெரியாது. பல மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. ஜெபத்துக்குப் பதில் வந்தது என்று இதைச் சொல்கிறோம், சரி. ஆனால் அந்தப் பதிலில் ஈரத்துக்குப் பயந்த ஒரு பெண்ணின் ஊசியும் நூலும் இருந்தன, ஒரு காவலனின் அலட்சியமும் ஒரு வேலைக்காரரின் பாசமும் இருந்தன. அதில் பாதிப் பேருக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்றே தெரியாது.

கோ தா பியுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் உன்னைவிடக் கோபக்காரர். கரென் இனத்தவர், கொள்ளைக்காரர். முப்பது பேரையாவது கொன்றிருப்பேன் என்று அவரே கணக்குச் சொன்னார். கடனுக்கு அடிமையாக இருந்தவரை ஒரு பர்மிய விசுவாசி பணம் கொடுத்து மீட்டு, குணம் தாங்காமல் கைவிடப் பார்த்தார். ஜட்சன் ஏற்றுக்கொண்டார். 1828 மே 16-இல் தவாய் ஊரில் ஜார்ஜ் போர்ட்மேன் என்ற மிஷனரி கையால் ஞானஸ்நானம். அன்று முதல் 1840 செப்டம்பரில் சாகும்வரை கரென் கிராமங்களில் மலையேறி நடந்தார். அவர் சரித்திரத்தை எழுதிய மிஷனரி பிரான்சிஸ் மேசன் அவர் குணக்கேட்டை மூடி மறைக்கவில்லை. 1878-இல், அதே மே 16-இல், பத்தெயினில் கரென் சபைகள் அவர் பெயரில் மண்டபம் திறந்தன.

இதிலிருந்து "எப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்று எடுத்துக்கொள்ளாதே. நம் ஆட்கள் தவறுவது அங்கேதான். கோ தா பியு முன்னோடியாகப் போய் முதல் வார்த்தையைச் சொன்னார், சபையை வைத்து மேய்க்கும் வேலை மற்றவர்கள் கையில் இருந்தது. ஒருவனுடைய குறை எந்த வேலையில் மற்றவர்களைக் குறைவாகக் காயப்படுத்துமோ அந்த வேலையில் அவனை வைக்க வேண்டும். காணிக்கையில் கைவைத்தவன் மனந்திரும்பினால் அணைத்துக்கொள், பாட்டு நடத்தச் சொல், பெட்டிச் சாவியை மட்டும் கொடுக்காதே. பிள்ளைகளிடம் தவறாக நடந்தவனை ஒருபோதும் ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பாதே, அவன் எத்தனை கண்ணீர் விட்டாலும் சரி. மன்னிப்பும் பொறுப்பும் ஒன்றல்ல.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ நடத்து, ஆனால் கோபத்துக்கு இடம் கிடைக்காதபடி கூட்டத்தை அமைத்துக்கொள். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசை பேசாது. மொத்தம் ஒரு மணி நேரம், ஆறரைக்குத் தொடங்கினால் ஏழரைக்கு முடி. பசியோடு வராதே, வேலையிலிருந்து நேராகவும் வராதே. நடுவில் அரை மணியாவது உட்கார்ந்து ஒரு லபெயே, அதுதான் டீ, குடித்துவிட்டு வா. உன் கோபம் பாதி பசிதான் என்று உன் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அந்த வாரம் யாரிடமாவது வார்த்தை தடித்திருந்தால் வெள்ளிக்கு முன் அவர் வீட்டுக்குப் போய்விடு. காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்றது நமக்குத்தான்.

பாட்டு ஒன்று அல்லது இரண்டு. வேதவசனம் பத்துப் பதினைந்து வரி, விளக்கவுரை வேண்டாம். பிறகு விண்ணப்பங்கள். வழக்கமாகக் கூட்டம் கெட்டுப்போவது இங்கேதான். விண்ணப்பம் சொல்ல நாற்பது நிமிஷம் போய், ஜெபிக்க ஐந்து நிமிஷம் மிஞ்சும். ஆகவே விண்ணப்பங்களை நீ சேகரிக்காதே. பொறுமையுள்ள ஒரு அக்காவிடம் அந்தப் பொறுப்பைக் கொடு, பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் அவரே நோட்டை மூடட்டும். ஒருவர் ஒரு காரியம், ஒரு வாக்கியம். "மருமகள் சரியில்லை, ஜெபியுங்கள்" என்பது விண்ணப்பம் அல்ல, புறங்கூறல். அந்த மருமகளின் அனுமதி இல்லாமல் அவள் பெயர் நோட்டில் ஏறக்கூடாது.

நோட்டில் நான்கு கட்டம் போடச் சொல். தேதி, காரியம், நாம் செய்யப்போவது, நடந்தது. காரியம் பிடிபடுகிறதாக இருக்க வேண்டும். "நோயாளிகளை ஆசீர்வதியும்" என்று எழுதினால் பதில் வந்ததா வரவில்லையா என்று எப்படிப் பார்ப்பது? "செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ், போக்குவரத்துச் செலவு" என்று எழுது. அப்போது மூன்றாவது கட்டம் தானே நிரம்பும்: யார் கூடப் போவது, யார் பணம் போடுவது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மண்டலே, சகாய்ங் பக்கம் இருப்பவர்களுக்காக எல்லாச் சபையிலும் ஜெபித்தோம். தார்ப்பாய், அரிசி, குடிநீர் என்று பட்டியல் போட்டு ஜெபித்தவர்கள்தான் அனுப்பியும் வைத்தார்கள். ஒரே சமயத்தில் பன்னிரண்டு காரியத்துக்கு மேல் வேண்டாம். மாதக் கடைசி வெள்ளியில் நான்காவது கட்டத்தை வாசியுங்கள். "பதில் இல்லை" என்றும் எழுத வேண்டும். கேட்டபடி நடக்காததை அழித்துவிட்டு நடந்ததை மட்டும் சாட்சியாகச் சொல்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. அது தேவனுக்கு மகிமை சேர்ப்பது போல் தெரியும், ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் வரமாட்டாள்.

ஜெபிக்கும்போது ஒரு காரியத்தை முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒருவர் தொடங்குவார், அதே காரியத்துக்கு இரண்டு மூன்று பேர் சேர்த்துக்கொள்வார்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிஷம். ஒருவர் மாரத்தான் ஓடினால் மற்றவர்கள் தூங்குவார்கள். ஜெபத்துக்குள் பிரசங்கம் செய்து எதிரில் இருப்பவனைத் திருத்துகிற ஆளும் உங்கள் சபையில் இருக்கிறார், உனக்குத் தெரியும். அவருக்கு நீ அங்கேயே பதில் சொல்லாதே. உன் நான்காம் விதி அங்கேதான் உடையும். மறுநாள் தனியாகப் பேசு. இளையவர்கள் பர்மியத்தில் ஜெபிக்கட்டும், பெரியவர்கள் தமிழில் ஜெபிக்கட்டும். தமிழ் தப்பாகப் போகுமென்று வாயே திறக்காத பையனைவிட பர்மியத்தில் இரண்டு வரி சொல்கிறவன் மேல்.

மருந்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று யாராவது தொடங்கினால் உடனே நிறுத்து. காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, மீதி நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டாம் மாதத்திலேயே உடம்பு தேறிவிடும், அப்போதுதான் "கர்த்தர் குணமாக்கினார்" என்று நிறுத்துவார்கள். பாதியில் விட்ட நோய் திரும்பி வரும், மருந்துக்கு மசியாமலும் போகலாம், வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும். இன்சுலினும் அப்படித்தான், நிறுத்தச் சொல்ல டாக்டரைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை. ஆறு மாதமும் மருந்தை விடாமல் சாப்பிட உதவும் என்று ஜெபியுங்கள், ஒருவர் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

காணிக்கை எடுத்தால் அங்கேயே இரண்டு பேர் எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையட்டும்.

விசுவாசம் போதவில்லை என்ற பயம் உனக்கு இருந்தால் அப்போஸ்தலர் 12-ஐ மறுபடி வாசி. பேதுருவுக்காக ராத்திரியெல்லாம் ஜெபித்தவர்கள், அவர் கதவைத் தட்டுகிறார் என்று ரோதை வந்து சொன்னபோது, நீ பிதற்றுகிறாய் என்றார்கள். கேட்டது வாசலில் வந்து நிற்கிறது, கேட்டவர்களுக்கு நம்பிக்கை இல்லை. அப்படியும் கதவு திறந்தது. எலியாவும் அப்படித்தான். கர்மேலில் மழைக்காக ஏழுதரம் வேலைக்காரனை அனுப்பிப் பார்க்கச் சொன்னவர், யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பிறகு சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டார். அவருக்குக் கிடைத்தது கண்டிப்பு அல்ல, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இரண்டு தடவை தூக்கமும். யாக்கோபு தம் நிருபத்தில் ஜெபத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது இந்த ஆளைத்தான், நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன் என்று சொல்லியே.

ஆகவே சபையாருக்குச் சம்மதம் என்று சொல்லிவிடு. உன் சொந்த நோட்டின் முதல் பக்கத்தில் உன் விதிகளை எழுதி, அடியில் தேதி போட நிறைய இடம் விட்டு வை. முதல் மாதம் முடிந்ததும் எனக்கு எழுது. எத்தனை பேர் வந்தார்கள் என்பது வேண்டாம், மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று தெரிந்தால் போதும். அடுத்த பஸ்ஸில் நான்கைந்து நோட்டும் பேனாவும் அனுப்பி வைக்கிறேன்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி தெரிந்ததும் எழுது, இங்கே எங்கள் நோட்டில் ஏற்றிக்கொள்கிறோம்.

கிறிஸ்துவுக்குள் உன் நண்பன்
யாங்கோன்