பௌர்ணமிக்குப் பௌத்தர்கள் எங்கே கூடுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோவையில் வேலை பார்க்கும் 26 வயது இளைஞன். கொல்லாமை, குடிக்காமை முதலான ஐந்து நெறிகளான பஞ்சசீலத்தை ஏற்று வாழும் இல்லறப் பௌத்தன். இந்த ஊரில் என்னைப் போல இன்னும் சிலர் கட்டாயம் இருப்பார்கள், ஆனால் அவர்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியவில்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க பௌத்தர் என்று பதிவானவர்கள் சுமார் 11 ஆயிரம் பேர்தான். சென்னையில் எழும்பூர் கென்னட் லேனில் மகாபோதி சங்கம் இருக்கிறது, பெரம்பூரில் விகாரை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்வது?

எண்ணிக்கை குறைவு என்பது ஒரு பக்கம். இருக்கிற கொஞ்சம் பேரும் இரண்டு தரப்பாக இருக்கிறோம். அம்பேத்கரைப் படித்து வந்தவர்கள் அவர் பௌத்தம் ஏற்ற அக்டோபர் 14, மறைந்த டிசம்பர் 6, புத்த பூர்ணிமா என்றால் கூடுவார்கள், சிலைக்கு மாலை போடுவார்கள், மதம் மாறியபோது அவர் தந்த 22 உறுதிமொழிகளை வாசிப்பார்கள், நல்ல பேச்சும் இருக்கும், அப்புறம் அடுத்த விழாவில்தான் முகம் பார்ப்பது. பத்து நாள் விபாசனா தியான முகாம் வழியாக வந்தவர்கள் தினமும் தியானத்தில் உட்காருகிறார்கள், ஆனால் பலர் தங்களைப் பௌத்தர் என்று சொல்லிக்கொள்வதில்லை, சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது வேறு விஷயம் என்று நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். சாதியை விட்டு வெளியேறத்தான் அம்பேத்கர் 1956ல் நாகபுரியில் தம்மத்தை, அதாவது புத்தரின் வழியை ஏற்றார், அதை மறந்துவிட்டு கண்ணை மூடி உட்கார எனக்கு மனம் வராது. தியானமே இல்லாமல் பேச்சோடு நிற்கவும் முடியவில்லை.

தனியாகவும் பயிற்சி செய்யலாமே என்று கேட்பார்கள். செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஆபீஸ் பார்ட்டியில் எல்லோரும் குடிக்கும்போது மனம் கோணாமல் எப்படி மறுப்பது, வீட்டில் திதி கொடுக்கக் கூப்பிட்டால் போவதா வேண்டாமா, அம்மாவிடம் எப்படிச் சொல்வது, இதையெல்லாம் வாழ்ந்து பார்த்தவர்களிடம்தானே கேட்க முடியும். நல்ல நட்பு தம்ம வாழ்வில் பாதி என்று புத்தரின் சீடர் ஆனந்தர் சொன்னபோது, பாதி அல்ல, முழுவதுமே அதுதான் என்று அவர் திருத்தினார். புத்தம், தம்மம் என்பவற்றுக்கு அடுத்து மூன்றாவது சரணமாகச் சங்கத்தைத் தினமும் சொல்லும் எனக்கு இது சும்மா படித்துவிட்டுப் போகிற வரியாகத் தெரியவில்லை.

நம் மண்ணில் இது நடந்திருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1898ல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், திருப்பத்தூர், ரங்கூன் என்று கிளைகள் விரிந்தன. சுரங்கத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். அப்படிச் சிதறிக் கிடந்தவர்களை 1907 முதல் வாராவாரம் இணைத்தது ஒரு பத்திரிகைதான், அவருடைய ‘ஒரு பைசாத் தமிழன்’. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். திருவண்ணாமலை கிரிவலத்துக்கு உகந்த நேரத்தை மாதம் தவறாமல் வெளியிடுகிறீர்கள், எங்களுக்கும் முக்கிய நாளான அதே பௌர்ணமியில் எந்த ஊரில் பௌத்தர்கள் கூடுகிறார்கள் என்பதையும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இரண்டு வரி போடுங்கள். விகாரைகளும் அமைப்புகளும் விழா நாள் அழைப்பிதழோடு நிற்காமல் மாதக் கூட்டங்களின் இடத்தையும் நேரத்தையும் உங்களுக்கு அனுப்ப வேண்டும்.

கோவையில் ஏற்கெனவே யாராவது கூடுகிறீர்கள் என்றால் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள், வந்து சேர்ந்துகொள்கிறேன். இடம்தான் இல்லை என்றால் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம், வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஓர் இளம் வாசகன்,
சிங்காநல்லூர், கோவை