கம்பவுண்டரைப் பற்றி ஒரு கடிதம்

கோத்தகிரி,
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் திருச்சபையின் தேர்தல் தகராறு நீதிமன்றப் படியேறிவிட்டதையும், மனம் கசந்து நீ ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டதையும் எழுதியிருந்தாய். விசுவாசம் என்பது இன்னும் யாருடைய நடப்பிலாவது இருக்கிறதா, அல்லது நாற்காலிக்கான பேச்சாக மட்டும் ஆகிவிட்டதா என்றும் கேட்டிருந்தாய். நான் உன் மதத்தைச் சேர்ந்தவன் அல்லன். வேத வசனத்துக்கு விளக்கம் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் பள்ளியில் நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் இப்போது என் வீட்டிலிருந்து ஒரு வளைவு தள்ளித்தான் குடியிருக்கிறான். அவனை அன்றாடம் பார்க்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல முடியும்.

தேயிலைத் தோட்ட மருந்தகத்திலிருந்து அவன் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி தரவேண்டும் என்று அப்போதைய 1951ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதால்தான் அப்படியொரு மருந்தகமே அங்கே இருந்தது. அதில் மருத்துவர் வாராத நாட்களில் எல்லாம் அவன்தான் மருத்துவர். ஊரில் இன்றும் அவனுடைய பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்பவுண்டர் என்றால் பேருந்து நிலையத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் அவனுக்குப் பிறவியிலேயே இளகிய மனம் என்கிறார்கள். உனக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும். கோலி விளையாட்டில் கள்ளாட்டம் ஆடினான் என்று ஒரு பையனின் சட்டையைக் கழுத்திலிருந்து இடுப்புவரை கிழித்துவிட்டுத் தலைமையாசிரியர் அறை வாசலில் முழங்காலிட்டவன் அல்லவா அவன்! அந்தக் கோபம் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை. முன்பு கைக்கு வந்தது, இப்போது கழுத்து நரம்போடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அலுவலகங்களுக்குப் போகும்போது வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்கிறான். பல்வலியா என்று கேட்டேன். "எழுத்தர் எரிந்து விழுந்தால் பதிலுக்கு என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியும், கிராம்பைக் கடித்துக்கொண்டிருந்தால் அது வெளியே வருவதற்குள் ஒரு நிமிஷம் கிடைக்கிறது" என்றான். ஆகவே அவன் செய்வதையெல்லாம் சுபாவம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. சுபாவம் ஒரு பக்கம் இழுக்க, அவன் மறுபக்கம் நடந்துகொண்டிருக்கிறான். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஏறக்குறைய இதுதான் என்றாலும், நடந்தவற்றையும் எழுதினால்தான் நீ ஒப்புக்கொள்வாய்.

தினமும் மாலை அவன் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள். பெரும்பாலும் கொழுந்து பறித்து ஓய்ந்த பெண்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. வந்தவற்றில் எதை எப்போது விழுங்குவது என்பதுதான் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கஷ்டம். இரண்டு வெள்ளை மாத்திரைகள் ஒரே அளவில் இருந்தால் கண் மங்கிய கிழவி என்ன செய்வாள்? கம்பவுண்டர் பழைய நாட்காட்டித் தாள்களைக் கத்தரித்துப் பொட்டலம் மடித்து, காலை மாத்திரைக்குச் சூரியனும் இரவு மாத்திரைக்குப் பிறையும் வரைந்து கொடுக்கிறான். சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கவேண்டியது என்றால் பக்கத்தில் ஒரு தட்டும் இருக்கும். அவனுடைய ஓவியத் திறமையை நீ அறிவாய். சூரியன் எது, தட்டு எது என்று எனக்கே சில சமயம் குழப்பம் வரும். அந்தப் பெண்களுக்கு மட்டும் வருவதில்லை.

மாத்திரையோடு அவன் நிறுத்திக்கொள்வதில்லை. பல ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய விரல்களில் ரேகை தேய்ந்துவிடுகிறது, நியாயவிலைக் கடை இயந்திரம் அந்த விரலை ஏற்க மறுக்கிறது, உடனே அந்த அம்மாள் ஏதோ திருட வந்தவள்போல் தலைகுனிந்து வரிசையிலிருந்து விலகி நிற்கிறாள். இவன் கூடப் போய், விரலை ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொல்லி, அதற்கும் பதியாவிட்டால் வேறொருவர் பொருள் வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வருகிறான். ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பணிக்கொடைக் கணக்கும் போட்டுத் தருகிறான். சட்டப்படி, ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்து ஓய்கிறவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி சேரவேண்டும். கணக்கு எளிது; எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதில்தான் வம்பு. ஒரு பெண்ணுக்குத் தற்காலிகத் தொழிலாளியாக இருந்த காலத்தை விட்டுவிட்டு எண்ணியிருந்தார்கள். இவன் பழைய மருந்தகப் பதிவேட்டில் அவளுடைய பிரசவத் தேதியைத் தேடி எடுத்து, அந்த ஆண்டிலேயே அவள் பெயர் தோட்டத்தில் இருந்ததைக் காட்டினான். அன்று எத்தனை கிராம்பு செலவாயிற்றோ!

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. உதவி பெற வந்தவரை அவன் கைகட்டி நிற்க விடுவதில்லை. மாத்திரை வாங்க வரும் கிழவியிடம் பொட்டலத்துக்குத் தாள் கத்தரிக்கச் சொல்வான். படிவம் எழுதிக் கொடுத்த வீட்டில் மேரக்காய் (சௌசௌ) கொடிக்குப் பந்தல் போடும் பக்குவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வான். விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் சபையின் அறுப்பின் பண்டிகையில், ஒரு விதவை கொண்டுவந்து வைத்திருந்த நான்கு மேரக்காய்களை யாரும் சீந்தவில்லை. இவன் எழுந்து ஒரு விலை கேட்டான். கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் ஒருவரைப் பார்த்து, உங்களால் இதற்குமேல் முடியாது என்று சீண்டினான். அவர் ஏற்ற, இவன் ஏற்ற, காலிஃபிளவர் மூட்டைக்குக் கிடைக்காத விலை அந்த மேரக்காய்க்குக் கிடைத்தது. கடைசியில் வாங்கியவர் ரைட்டர்தான். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது, பணமாக அவள் கையில் ஐந்நூறு கொடுத்திருந்தால் அந்தச் செம்மாப்பு வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

2009 நவம்பர் மழை உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது நாக்பூரில் இருந்தாய், தொலைபேசியில் எங்களைப் பிடிக்கமுடியாமல் தவித்ததாகப் பிறகு சொன்னாய். நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் மாண்ட மழை அது. சாலைகள் அறுந்து கிடந்த அந்த நாட்களில் கம்பவுண்டர் ஒரு தகர டப்பாவைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, சரிந்த மண்ணின்மேல் ஏறி இறங்கித் தோட்டத் தொழிலாளரின் லைன் வீடுகளுக்குப் போனான். டப்பாவில் இருந்தவை காசநோய் மாத்திரைகள். அக்காலத்தில் அவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று முறை, மருந்து கொடுப்பவர் கண்முன்னே விழுங்கவேண்டும் என்பது முறை. இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடக்கூடும். அவன் பொறுப்பில் ஒருசில நோயாளிகள்தாம் இருந்தார்கள். மழை வடிந்த பிறகு கொடுத்தால் யாரும் அவனைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தச் செய்தியை அவன் எனக்குச் சொல்லவில்லை. அவன் மனைவி டீச்சரம்மாதான், அவன் திரும்பி வந்தபோது கால் முழுதும் அட்டை கடித்திருந்ததைப் பற்றிப் புலம்பும்போது சொன்னார்.

எதற்காக இப்படிச் செய்கிறாய் என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். அவன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. பைபிளில் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து என் கையில் கொடுத்து, வாசி என்றான். உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவனைப் பார்த்து, "நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லியனுப்பினால் பிரயோஜனமென்ன என்று அதில் கேட்டிருக்கிறது. எழுதியவர் மார்கழியில் கோத்தகிரிக்கு வந்து போயிருப்பார் போலிருக்கிறது என்றேன். அவனும் சிரித்துவிட்டான்.

மதம் மாற்றத்தானே இவ்வளவும் என்று என் உறவினர் ஒருவரே அவன் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். கழுத்து நரம்பு புடைத்ததாம், பதில் சொல்லவில்லையாம். ஆனால் நான் நேரில் கண்டதை உனக்குச் சொல்லவேண்டும். வெளியூரிலிருந்து வந்த ஊழியக் குழு ஒன்று, மாத்திரைப் பொட்டலத்துக்குள் ஒரு வசனச் சீட்டையும் வைத்துக் கொடுக்கும்படி அவனைக் கேட்டது. அவன் மறுத்துவிட்டான். "பயந்துபோய் வந்திருக்கிறவளிடம் மருந்தைத் தவிர வேறு எதையும் நீட்டக்கூடாது, அவளாகக் கேட்டால் ஜெபிப்பேன்" என்றான். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. யார் யாருக்கு எந்த மாத்திரை என்று குறித்து வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தை ஒருநாள் புரட்டினேன். அதிகாலையில் அவன் ஜெபிக்கும்போது வைத்துக்கொள்வதும் அதே நோட்டுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெயர்கள் எல்லா மதத்தாருடையவும் இருந்தன. என் பெயரும், என் இரத்த அழுத்த அளவோடு, இருந்தது.

அவனைப் பரிசுத்தவானாக்கி நான் எழுதுவதாக நீ எண்ணவேண்டாம். மாத்திரையை ஒழுங்காக விழுங்காதவர்களை அவன் திட்டும் திட்டு சாலைவரை கேட்கும். சொந்த வீட்டுக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. டீச்சரம்மா மூன்று இடத்தில் வாளி வைத்திருக்கிறார். கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுப்பதை நான் ஒப்புக்கொண்டதில்லை, இன்றும் ஒப்பவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் அண்ணனோடு பேசுவதில்லை. தகப்பனார் விட்டுப்போன அரை ஏக்கர் தேயிலையில் வந்த வழக்கு உனக்குத் தெரிந்ததுதான். வழக்கு முடிந்துவிட்டது; பச்சைத் தேயிலை விற்கிற விலையில் அந்த அரை ஏக்கருக்காக எவனும் சண்டை போடமாட்டான். ஆனாலும் பேச்சு திரும்பவில்லை.

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்த விஷயம்தான். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறான், பாட்டுப் பாடுகிறான், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து வேளையில் மட்டும் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறான். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்று சொல்லியிருக்கிறதாமே, அதனால். ஆயர் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். நீ வரலாம் என்றார். இவன் கேட்கவில்லை. ஊராருடைய மாத்திரைக்காக மண்சரிவைத் தாண்டியவன், குன்னூரில் இருக்கும் அண்ணன் வீட்டு வாசலுக்குப் போக முடியாமல் நிற்கிறான். சென்ற ஈஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினான், பதில் வரவில்லை. கிறிஸ்துமசுக்கு இன்னொன்று எழுதுகிறான். வரைவை என்னிடம் காட்டினான். வழக்கைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, அதை எடுத்துவிடச் சொன்னேன். முகத்தைச் சுளித்தான், பிறகு எடுத்துவிட்டான். பதில் வருமா என்பது எனக்குத் தெரியாது; எனக்கு நம்பிக்கை குறைவு, அவனுக்கு அதிகம். நீயும் கம்பவுண்டரும் ஒரே காலத்தில் பந்தியிலிருந்து விலகி நிற்கிறீர்கள். நீ விலகியது மற்றவர்கள் செய்ததற்காக, அவன் விலகியது தன்னிடம் இருப்பதற்காக. இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன்; அறுபது வயதுக்கு மேல் நமக்குள் என்ன ஒளிவுமறைவு என்று எழுதிவிட்டேன்.

உன்னிடம் அவனுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. நம் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். திண்ணைக்கு அவர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். சூரியனும் பிறையும் அவர்களுக்கும் விளங்குகின்றன. ஆனால் நோயைக் கேட்டறியப் படம் போதவில்லை. நீ இரயில்வேயில் இத்தனை காலம் வடக்கே இருந்தவன். "எத்தனை நாளாகக் காய்ச்சல்", "வலி எங்கே", "வெறும் வயிற்றில் சாப்பிடாதே", "குணமானாலும் மாத்திரையை நிறுத்தாதே", "குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது" ஆகிய இவற்றையும், இவை போல உனக்குத் தோன்றும் மற்றவற்றையும் இந்தியில் எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்பு. பெண்களிடம் கேட்கும்போது மரியாதையாக எப்படி அழைப்பது என்பதையும் சேர்த்து எழுது. அதை அவன் இரண்டு முறை சொல்லியனுப்பினான். ஒவ்வொரு வாக்கியமும் தனி வரியில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். கண்புரை அறுவைக்கு அவன் இன்னும் நாள் குறிக்கவில்லை.

உன் அன்புள்ள நண்பன்.