திருக்குடும்ப ஆலயத்துக்கு நமது காணிக்கை: ஒரு வேண்டுகோள்

கிறிஸ்துவில் அன்புக்குரிய குடும்பங்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினின் பார்சலோனா நகரில் உள்ள திருக்குடும்ப ஆலயத்தை, அதாவது சக்ராடா ஃபமிலியாவை, நம்மில் பலர் போய்ப் பார்த்திருக்கிறோம். லூர்து யாத்திரையோடு சேர்த்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், மரம்போல் கிளைவிட்டு நிற்கும் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். அந்த ஆலயத்தின் கட்டட வேலைக்கு, ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே காணிக்கையாக ஒரு தொகை அனுப்பவேண்டும் என்று எங்கள் குழு முடிவெடுத்திருக்கிறது. அதில் உங்கள் பங்கும் சேரவேண்டும்.

அரசர் யாரும் கட்டத் தொடங்கிய ஆலயம் அல்ல அது. பொகபெல்லா என்ற புத்தக வியாபாரி சூசையப்பர் பக்தர்களைக் கூட்டி ஒரு சபை தொடங்கினார். அந்தச் சபைதான் காசு சேர்த்தது. 1882 மார்ச் 19, சூசையப்பர் திருநாளில் அடிக்கல் வைத்தார்கள். பாவப் பரிகார ஆலயம் என்பதால் மக்கள் தரும் காசில்தான் எழும்பவேண்டும் என்பது அன்றே வைத்த ஒழுங்கு. மறு ஆண்டு பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி சாகும்வரை அதை விடவில்லை. காசு தட்டுப்பட்டபோது தானே போய்க் கையேந்திக் கேட்டார். 1926 ஜூனில் டிராம் மோதி வீதியில் விழுந்தவரை, உடுத்தியிருந்த உடுப்பைப் பார்த்துப் பிச்சைக்காரர் என்றே நினைத்தார்கள்.

பத்து ஆண்டு கழித்து, ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்ட 1936 ஜூலையில், அவருடைய பட்டறைக்குத் தீ வைத்தார்கள். வரைபடங்கள் எரிந்து போயின. சுண்ணச்சாந்தில் வார்த்திருந்த மாதிரிகளை அடித்து நொறுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தச் சில்லுகளைப் பொறுக்கி, எது எதோடு சேரும் என்று பார்த்துப் பார்த்து ஒட்டினார்கள். இன்றைக்கும் அங்கே வேலை நடப்பது அந்த ஒட்டுப்போட்ட மாதிரிகளை ஆராய்ந்துதான். ஷெல் விழுந்து கூரை போன கோவில்களில் கல்லைப் பொறுக்கி அடுக்கிய நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

“டிக்கெட் காசே கோடிக்கணக்கில் வருகிறதே, நம்முடைய ஐந்து யூரோ எதற்கு?” என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்று பெரும்பகுதி டிக்கெட்டில்தான் வருகிறது. ஆனால் 2020இல் தொற்றுநோயால் ஆட்கள் வராமல் போனதும் வேலையே நின்றது. அதைவிட முக்கியமாக, இந்த ஆலயம் காணிக்கையில் எழும்பவேண்டும் என்று நேர்ந்துகொள்ளப்பட்டது. அந்த நேர்த்தி, பார்க்க வருகிறவர்கள் கட்டும் கட்டணத்தால் மட்டும் நிறைவேறக்கூடாது என்று நாங்கள் உண்மையாகவே நினைக்கிறோம்.

தூரத்து ஆட்களுக்கும் அங்கே இடம் உண்டு. எத்சுரோ சொதோ என்ற ஜப்பானியச் சிற்பி 1978இல் கிறிஸ்தவராக இல்லாமலே வந்து கல் கொத்தத் தொடங்கினார். பிறகு அங்கேயே திருமுழுக்குப் பெற்றார். இயேசுவின் பிறப்பைக் காட்டும் முகப்பில் இசைக்கும் வானதூதர்கள் அவர் கையால் வந்தவர்கள். 2025 அக்டோபரில் இந்த ஆலயம் ஜெர்மனியின் உல்ம் ஆலயத்தையும் தாண்டி உலகின் மிக உயரமான தேவாலயமாகிவிட்டது. ஆனாலும் பிரதான வாசலாக அமையவிருக்கும் மகிமை முகப்பு இன்னும் முடியவில்லை. அதற்கு இன்னும் பல ஆண்டு பிடிக்கும்.

ஒரு குடும்பத்துக்கு ஐந்து யூரோ போதும். கூடக் கொடுக்க விரும்பினால் உங்கள் விருப்பம். பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த சில்லறையாக இருந்தால் இன்னும் சந்தோஷம். ஊர்க்கோவில் திருத்த வேலைக்குக் கொடுப்பதைக் குறைத்து இதற்குத் தரவேண்டாம். அதுதான் முதல் கடமை. யார் பெயரும் தனியாக எழுதப்படாது, “தமிழ்க் குடும்பங்கள்” என்றே தொகை போகும்.

அந்தந்த ஊர்த் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் எங்கள் பொறுப்பாளர்களிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். வரும் மார்ச் 19 வரை சேர்ப்போம். அனுப்பிய பின் கணக்கு முழுவதும் திருப்பலி முடிவில் வாசிக்கப்படும். ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் கெவலார் மாதா யாத்திரைக்கு வருகிறவர்கள் அங்கேயும் அதைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
காணிக்கைக் குழுவினர்